வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம்

அன்புள்ள அக்கா,

எனக்குச் சொந்த ஊர் குடியாத்தம். வேலூரில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். பஸ்ஸில் போக வர ஆகும் நேரம்தான் எனக்கு வாசிப்பு நேரம். இந்த ஒரு வருஷமாகப் பெண்கள் எழுதும் குடும்ப நாவல்களாகத் தேடிப் படிக்கிறேன். பாதிக்கு மேல் கடலோர ஊர்க் கதைகள். ஒரு பழைய வீடு, வாய் திறக்காத பாட்டி, அலமாரிக்குள் ஒரு கடிதம், கடைசியில் உண்மை உடைகிறது. கீழே வைக்காமல் படிக்கிறேன், ஆனால் முடித்ததும் ஏமாந்த மாதிரி இருக்கிறது. அது ஏன்? ரகசியம் என்றால் எல்லோரும் ஏன் கடலுக்கே போகிறார்கள்? நம்ம பக்கத்தில் அப்படி ஒன்றும் இல்லையா?

இன்னொன்று, சொந்த விஷயம். பெரியம்மா வீட்டுப் பழைய ரேஷன் கார்டில் நான் அவர் மகளாக இருக்கிறேன். அம்மாவிடம் கேட்டால் "அத்தெல்லாம் இன்னாத்துக்கு இப்போ" என்று எழுந்து போய்விடுகிறார். பெரியம்மா சிரிக்கிறார். இரண்டு பேரும் பீடி சுற்றி எங்களை வளர்த்தவர்கள். இதை எழுத ஆசையாக இருக்கிறது. ஆனால் உண்மை தெரியாமல் எப்படி எழுதுவது? என் பெயரைப் போட வேண்டாம்.

ஒரு வாசகி

*

அன்புள்ள தங்கைக்கு,

ஏமாற்றத்திலிருந்தே தொடங்குகிறேன். அந்தக் கடிதத்தை அலமாரியில் வைத்தது பாட்டி இல்லை, எழுத்தாளர். மறைக்க நினைக்கும் பெண் கடிதத்தை அடுப்பில் போட்டுவிடுவாள். ஐம்பது வருஷம் புடவைக்கு அடியில் வைத்துக் காக்க மாட்டாள். பேத்தி கண்டெடுக்க வேண்டும் என்பதற்காக அது அங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்பது படிக்கிற உங்களுக்கு உள்ளூரத் தெரிந்துவிடுகிறது.

நிஜமான குடும்பங்களில் ரகசியம் யாருக்குமே தெரியாமல் இருப்பது அபூர்வம். மாமிக்குத் தெரியும், பக்கத்து வீட்டுக்குத் தெரியும், மருத்துவச்சிக்குத் தெரியும். ஒரே ஒரு ஆளுக்குச் சொல்லப்பட்டிருக்காது, அவ்வளவுதான். அந்த ஒரு ஆள் கூடத்துக்குள் வரும்போதெல்லாம் பேச்சு எப்படித் திரும்புகிறது, யார் முதலில் எழுந்து காபி போடப் போகிறாள், யார் குழந்தையை அதட்டுகிறாள் என்பதில்தான் நாவல் இருக்கிறது. என்ன நடந்தது என்ற செய்தி ஒரு வரியில் தீர்ந்துவிடும். அதை வெளியே விடாமல் முப்பது வருஷம் காத்தவர்களின் வாழ்க்கை ஒரு வரியில் தீராது.

இனி, ஏன் கடல். வயலில் செத்தால் உடல் வீட்டுக்கு வரும். கடலில் போனவனின் உடல் வராமலே போகலாம். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல், 2004 டிசம்பர் 26 சுனாமி, 2017இல் கன்னியாகுமரிக் கரையைத் தாக்கிய ஒக்கி, ஒவ்வொன்றிலும் திரும்பாதவர்கள் உண்டு. பேர் வைத்த புயலே வேண்டாம், சாதாரண ஒரு நாளிலும் நடக்கும். ஒருவரைப் பற்றி ஏழு ஆண்டுகள் எந்தச் சேதியும் இல்லையென்றால்தான் சட்டம் பொதுவாக அவரை இறந்தவராக எடுத்துக்கொள்கிறது. ஒக்கியைப் போன்ற பேரழிவுகளில் அரசு அதைத் தளர்த்தியதும் உண்டு. தனி ஆளாகக் காணாமல் போனவனின் மனைவிக்கு அந்தச் சலுகை எளிதில் கிடைக்காது.

அந்த ஏழு வருஷத்தை யோசித்துப் பாருங்கள். அவள் தாலியை வைத்துக்கொள்வதா, கழற்றுவதா? கழற்றினால் மாமியார் "என் புள்ளைய நீயே சாவடிச்சிட்ட" என்பாள். வைத்துக்கொண்டால் வேறு வாழ்க்கை இல்லை. படகு அவன் பெயரில் இருக்கிறது. வலைக்கும் இன்ஜினுக்கும் வியாபாரியிடம் வாங்கிய முன்பணம் அவள் தலையில் இருக்கிறது. விதவைப் பென்ஷனுக்குச் சான்றிதழ் கேட்கிறார்கள். நான்காவது வருஷம் மீன் கூடையைத் தூக்கிவிட ஒருவன் கை கொடுக்கிறான். ஐந்தாவது வருஷம் அவள் கருவுற்றால், அந்தப் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்போது மாதா கோயில் பதிவேட்டில் தகப்பன் பெயர் என்று எதை எழுதச் சொல்வது? ரகசியம் இப்படித்தான் பிறக்கிறது. யாரும் வஞ்சகம் செய்யவில்லை. தொழிலும் சட்டமும் ஊர்வாயும் சேர்ந்து ஒரு பெண்ணை அந்த மூலையில் கொண்டுபோய் நிறுத்துகின்றன. இது தெரிந்து எழுதப்பட்ட கடலோரக் கதை ஒருபோதும் ஏமாற்றாது. கடல் வெறும் திரைச்சீலையாகத் தொங்கும் கதைதான் ஏமாற்றும்.

ராஜம் கிருஷ்ணன் தூத்துக்குடி உப்பளங்களுக்கு நேரில் போய், தொழிலாளர்களோடு பேசித்தான் 'கரிப்பு மணிகள்' நாவலை எழுதினார். அந்த உழைப்பு வேண்டும். வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' நாவலில் ஒரு தாய்க்கும் ஊர் வாத்தியாருக்கும் இருக்கும் நெருக்கத்தைப் பாருங்கள். அது வெடிகுண்டாக வைக்கப்படவில்லை. தாய் போனபிறகு மகளே அந்த மனிதரோடு பேசிப் பழகுகிறாள். எழுதியவர் ஆண் என்றாலும், நீங்கள் தேடுவது அங்கே இருக்கிறது. பஸ்ஸிலேயே முடித்துவிடலாம், சின்னப் புத்தகம்.

நம்ம பக்கத்தில் ரகசியம் இல்லையா என்று கேட்டிருந்தீர்கள். வீட்டுக்கு ஒருவர் ராணுவத்துக்குப் போகும் ஊர் என்று பெயர் வாங்கிய கம்மவான்பேட்டை நம்ம மாவட்டத்தில்தானே இருக்கிறது? மறுமணம் செய்தால் இறந்த கணவனின் ராணுவப் பென்ஷன் போய்விடும் என்ற பயத்தில் ஊரறியத் தாலி கட்டாமலே ஒரு வீட்டில் வாழ்பவர்களை எழுதலாம். ஆம்பூர், பேரணாம்பட்டில் தோல் பதனிடும் ஷாப்புகளை எழுதலாம்.

ஆனால் உங்களுக்கு அதெல்லாம் எதற்கு, பீடி இருக்கும்போது? ராத்திரி நனைத்து வைத்த இலையைக் காலையில் ஈரத்துணியில் சுற்றி எடுப்பார்கள். தகர அச்சை இலைமேல் வைத்துக் கத்தரியால் வெட்டுவார்கள். முறம் மடியில் இருக்கும். தூளை வைத்து உருட்டி, நூல் கட்டி, முனையை மடக்கும்வரை கண் முறத்தை விட்டு நகராது. அதனால்தான் அந்தத் திண்ணையில் எதையும் பேச முடிகிறது. ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்க வேண்டியதில்லை. அழுதால்கூடக் கை நிற்பதில்லை, ஆயிரம் முடித்தால்தான் அன்றைய கூலி.

அந்தத் தொழிலுக்கு ஓர் அடையாள அட்டையும் உண்டு. 1976இல் வந்த நல நிதிச் சட்டத்துக்குப் பிறகு பீடித் தொழிலாளரின் பிள்ளைகளுக்குப் படிப்பு உதவித்தொகை கிடைக்கிறது. யார் பெயரில் அட்டை இருக்கிறதோ அவர் பிள்ளைக்குத்தான் பணம். ஆனால் ஒரே வீட்டில் நாலு பெண்கள் சுற்றுவார்கள், கணக்கு ஒருத்தி பெயரில் போகும். இருபது வருஷம் சுற்றியவளுக்கு ஒரு காகிதமும் இருக்காது. உங்கள் பெயர் பெரியம்மா ரேஷன் கார்டுக்குப் போனது ஸ்கூல் பணத்துக்காக இருக்கலாம். பிள்ளையில்லாத அக்காவுக்குத் தங்கை தன் மகளைக் கொடுத்து, பிறகு திருப்பி வாங்கிக்கொண்டதாகவும் இருக்கலாம். நான் ஊகிக்கப் போவதில்லை. முதலாவதுதான் என்றால் அது சின்ன விஷயம் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். ஒரு பெண்ணின் உழைப்பு இன்னொருத்தி பெயரில் போய்ச் சேர்ந்த கதை, எந்தக் கள்ளக் காதல் கதைக்கும் குறைந்ததில்லை.

உண்மை தெரியாமல் எழுத முடியுமா? முடியும், தெரியாதவளாகவே எழுதுங்கள். ஒரு தாய் எழுந்து போவதும் ஒரு பெரியம்மா சிரிப்பதும் உங்கள் கையில் இருக்கின்றன. எழுதத் தொடங்க அது போதும். கதைக்காக அம்மாவை நெருக்காதீர்கள், அதில் நான் கறாராக இருக்கிறேன். அவர் மூடி வைத்திருப்பது உங்களுக்காகவோ தன் அக்காவுக்காகவோ இருக்கலாம். அதைப் பிடுங்கி எடுக்கும் உரிமை கதைக்குக் கிடையாது. உங்களுக்காகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றால் அது வேறு, அதைக் கேட்கும் உரிமை முழுக்க உங்களுடையது. அப்போது பெரியம்மாவிடம் போங்கள். அவர் இன்னும் சுற்றுகிறார் என்றால் ஒரு கட்டு இலையை நீங்களும் எடுத்து வெட்ட உட்காருங்கள். கேள்வி எதுவும் கேட்காதீர்கள். இன்று சொல்லவில்லை என்றால் அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் போங்கள்.

எழுதியதும் எனக்கு அனுப்புங்கள். பெயர், தெரு, உறவுமுறை எல்லாவற்றையும் மாற்றிவிட்டு அனுப்புங்கள். அச்சுக்குக் கொடுக்கும் முன் அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் ஒருமுறை வாசித்துக் காட்டிவிடுங்கள்.

அன்புடன்,
அக்கா