அணியத்துத் தலைப்பாகைக்காரர்

ஐயா,

நான் திருகோணமலையில் பிறந்தவள். போன மாதம் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் நிற்கும் ‘டிரிங்கோமலி’ என்ற பழைய போர்க்கப்பலைப் பார்த்தோம். அதன் முன்முனையில் தலைப்பாகை கட்டிய ஒருவரின் மரச்சிலை. போட்டோவைப் பார்த்துக் கலர் பென்சிலில் வரைந்தேன், இணைத்திருக்கிறேன். வீட்டில் எல்லோரும் பாராட்டுகிறார்கள், எனக்குத்தான் ஏதோ இடிக்கிறது. அப்புறம், எங்கள் ஊரில் இப்படித் தலைப்பாகை கட்டி யாரையும் நான் பார்த்ததில்லையே?

வி.

அன்புள்ள வி.,

தலைப்பாகையை முதலில் முடித்துவிடுகிறேன். 1782இல் உங்கள் ஊர்க் கடலில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிய சண்டையின் நினைவாகக் கப்பலுக்கு வைத்த பெயர்தான் ‘டிரிங்கோமலி’. கப்பலைக் கட்டியது பம்பாயில், வாடியா குடும்பத்தார். இங்கிலாந்தில் ஓக் மரத்துக்குத் தட்டுப்பாடு, அதனால் தேக்கு. கடலில் இறங்கியது 1817இல். சிலை செதுக்கியவருக்குக் கிழக்கு என்றாலே தலைப்பாகைதான் என்று நினைக்கிறேன். உங்கள் ஊர்க்காரர் யாரையும் உட்காரவைத்துச் செதுக்கியிருக்க மாட்டார்.

சரி, படம். நீங்கள் ஆளை வரைந்திருக்கிறீர்கள், மரத்தை வரையவில்லை. கன்னத்தில் தோலின் மென்மை, கண்ணில் ஈரம்! அணியச் சிலை (கப்பலின் முன்பக்கத்தை நம் மீனவர்கள் அணியம் என்பார்கள்) தூரத்திலிருந்தும் கீழேயிருந்தும் பார்ப்பதற்கானது. இமை, உதடு எல்லாம் ஆழமாக வெட்டியிருக்கும். மேலே கெட்டியான பெயின்ட். தோலில் பரவுவதுபோல வெளிச்சம் அதில் பரவாது, விளிம்புகளில் பளிச்சென்று நிற்கும். அங்கெல்லாம் தாளை வெள்ளையாகவே விட்டுவிட வேண்டும். அழுத்தித் தீட்டிவிட்டால் வெள்ளைப் பென்சிலால் அதை மீட்க முடியாது.

தாடைக்குக் கீழே கறுப்பைப் போட்டிருக்கிறீர்கள், ஓட்டை விழுந்ததுபோல இருக்கிறது. கரும்பழுப்பின் மேல் கருநீலத்தை லேசாக நாலைந்து தடவை ஏற்றிப் பாருங்கள்.

பெயின்ட் பிரஷின் தடங்களுக்கு ஒரு வழி உண்டு. முதலில் வெளிர்பழுப்பு. அதன்மேல் மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் அழுத்திக் கோடுகள் இழுத்து, பிறகு கருநிறப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால் பள்ளங்களில் அடர்நிறம் ஏறாது, வெளிர்பழுப்பு அப்படியே நிற்கும். ரொம்ப அழுத்தாதீர்கள். முடியும் தறுவாயில் இருந்த ஒரு படத்தை நான் இப்படித்தான் கிழித்துத் தொலைத்தேன்.

தலைப்பாகையை மட்டும் மாற்றவே வேண்டாம். அங்கே துணியை மறந்துவிட்டு, உளி வெட்டிய மடிப்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்து வரைந்திருக்கிறீர்கள். முகத்தை மறுபடி வரைந்தால் அனுப்புங்கள்.