நிரலாளர் குழுவின் பாட்காஸ்ட்டை அதிகச் செலவில்லாமல் எங்கே, எப்படி ஹோஸ்ட் செய்வது?

ஒலிக்கோப்பு ஓரிடத்தில் இருக்கட்டும், ஆர்எஸ்எஸ் ஃபீட் (எபிசோடுகளைச் செயலிகளுக்குப் பட்டியலிட்டுத் தரும் கோப்பு) வேறிடத்தில் இருக்கட்டும். ஃபீடின் முகவரி மட்டும் குழுவின் சொந்த டொமைனில் இருக்க வேண்டும்; காசு போட வேண்டியது அதற்குத்தான். கேட்பவரின் செயலி நினைவில் வைத்திருப்பது அந்த ஒரு முகவரியைத்தான். அது ஏதோ ஓர் இலவசச் சேவையின் பெயரில் இருந்து, அந்தச் சேவையை மூடிவிட்டால், சேர்த்த சந்தாதாரர்கள் அத்தனை பேரும் கைவிட்டுப் போவார்கள்.

பேச்சுக்கு மோனோ, 64 கேபிபிஎஸ் எம்பி3 போதும். 45 நிமிடப் பேச்சு சுமார் 22 எம்பி வரும். ஒலியளவை, ஒலிக்கோப்புகளை மாற்றும் கருவியான எஃப்எஃப்எம்பெக்கின் லவுட்நார்ம் ஃபில்டரில் -16 எல்யூஎஃப்எஸ் (ஒலி உரப்பின் அலகு) அளவுக்குக் கொண்டுவாருங்கள். அந்த ஃபில்டர் உள்ளே சாம்பிள் ரேட்டை 192 கிலோஹெர்ட்ஸுக்கு ஏற்றிவிடும். அதனால் வெளியீட்டில் 44100 என்று நீங்களே குறிப்பிட்டுவிடுவது நல்லது.

எம்பி3-ஐயும் நிரல் வைக்கும் கிட் ரெப்போவுக்குள் தள்ளுவது நம்மவர்களுக்குக் கைப்பழக்கம். வேண்டாம். ரெப்போவிலிருந்தே இணையத்தளம் நடத்தத் தரும் கிட்ஹப் பேஜஸில் தளத்துக்கு 1 ஜிபிதான் வரம்பு. மேலே சொன்ன அளவில் 45 எபிசோடிலேயே நிரம்பிவிடும். ஒரு கோப்பைத் திருத்தி மறுபடி ஏற்றினால் பழையதும் வரலாற்றில் தங்கி, ரெப்போவைக் குளோன் செய்பவர் (முழுதாக நகலெடுப்பவர்) உயிரை வாங்கும். ஒலியை இன்டர்நெட் ஆர்க்கைவில் ஏற்றுங்கள்: இலவசம், நேரடி டவுன்லோட் இணைப்பும் கிடைக்கும். கோப்புப் பெயரில் இடைவெளியும் தமிழ் எழுத்தும் வேண்டாம். ஃபீட் வெறும் எக்ஸ்எம்எல் என்பதால் பேஜஸிலேயே இருக்கலாம்.

பெரும்பாலான தொல்லை அந்த எக்ஸ்எம்எல்லில்தான். ஒலிக்கோப்பைச் சுட்டும் என்குளோஷர் குறிச்சொல்லில் நீளம் பைட்டில் வர வேண்டும், நிமிடத்தில் இல்லை. தேதியில் கிழமையும் மாதமும் ஆங்கிலச் சுருக்கத்தில், கடைசியில் இந்திய நேரத்துக்கான +0530. ஃபீடை உருவாக்கும் கணினியின் லோகேல் (மொழி அமைப்பு) தமிழாக இருந்தால் ‘புதன்’ என்று எழுதிவிடும், செயலிகளுக்கு அது புரியாது. பைத்தான் என்றால் ஈமெயில் நூலகத்தின் தேதிச் செயற்கூறைப் பயன்படுத்துங்கள், அது லோகேலைப் பார்ப்பதில்லை. நம் பாட்காஸ்ட்டுக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. எபிசோட் தலைப்பில் ஜெனரிக்ஸ் பற்றிப் பேசி < குறியையோ, பாயின்ட்டர் பற்றிப் பேசி & குறியையோ போட்டால் முழு ஃபீடும் உடையும், பழைய எபிசோடுகளும் சேர்த்து. தளத்தை உருவாக்க ஜெக்கில் கருவியைப் பயன்படுத்தினால், இந்தக் குறிகளைப் பாதுகாப்பாக மாற்றித் தரும் எக்ஸ்எம்எல் எஸ்கேப் ஃபில்டரை மறக்காதீர்கள்.

ஒவ்வொரு எபிசோடுக்கும் உரிய தனி அடையாளமான ஜியூஐடியை ஒலியின் முகவரியிலிருந்து உருவாக்காதீர்கள். நாளை கோப்பை வேறிடத்துக்கு மாற்றினால் எல்லா எபிசோடும் புதியவை என்று செயலி நினைத்து மறுபடி இறக்கத் தொடங்கும். ஒரு முறை யூயூஐடி (தற்செயலாக உருவாகும் தனித்த எண்) உருவாக்கி, எபிசோடின் மெட்டாடேட்டாவில் எழுதிவைத்துவிடுங்கள்.

ஆப்பிளுக்கு அட்டைப்படம் சதுரமாக, 1400 முதல் 3000 பிக்சல் வரை, ஆர்ஜிபி நிறத்தில் இருக்க வேண்டும். ஒலியைத் தரும் சர்வர் ஹெட் கோரிக்கைக்கும் (கோப்பின் விவரத்தை மட்டும் கேட்பது) பைட் ரேஞ்சுக்கும் (கோப்பின் ஒரு பகுதியை மட்டும் கேட்பது) பதில் சொல்ல வேண்டும். ரேஞ்ச் இல்லையென்றால் கேட்பவர் நடுவில் தாவ முடியாது. கட்டளை வரிக் கருவியான கர்லில் ரேஞ்ச் கேட்டுப் பாருங்கள்: பதில் எண் 206 வந்தால் சரி, 200 வந்தால் முழுக் கோப்பையும் அனுப்புகிறது என்று அர்த்தம்.

ஃபீடின் முகவரியையே மாற்ற நேர்ந்தால், பழைய முகவரியில் 301 (நிரந்தரமாக இடம் மாறியது என்ற திருப்பிவிடல்) போட்டு, புதிய ஃபீடில் ஐட்யூன்ஸின் நியூ ஃபீட் யூஆர்எல் குறிச்சொல்லையும் சேருங்கள். சில செயலிகள் எப்போதாவதுதான் ஃபீடைப் பார்க்கும் என்பதால் 301-ஐச் சில மாதங்களாவது எடுக்காமல் வையுங்கள்.