லைன் வீடு கட்டக் கடன் வாங்கலாமா?

கேள்வி: திருப்பூரை அடுத்த பெருமாநல்லூர் பக்கம் அப்பா பெயரில் 6 சென்ட் இடம் இருக்கிறது. நான் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர், சம்பளம் 38,000 ரூபாய். சேமிப்பு 10 லட்சம். வங்கியில் 25 லட்சம் வாங்கி ஆறு லைன் வீடு (வரிசையாக ஒட்டிக் கட்டும் சிறு வாடகை வீடுகள்) கட்டினால், வீட்டுக்கு 4,500 வீதம் மாதம் 27,000 வாடகை வரும். 20 வருடத்துக்கு 9 சதவீத வட்டியில் தவணை 22,500தான். இறங்கலாமா?

பதில்: இறங்கலாம். ஆனால் இப்போதைக்கு நான்கு வீடு போதும்.

ஆறு வீடும் பன்னிரண்டு மாதமும் நிரம்பியிருக்கும் என்று வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறீர்கள். திருப்பூர் அப்படி ஓடுவதில்லை என்பது கம்பெனிக்குள்ளேயே இருக்கும் உங்களுக்குத் தெரியும். தீபாவளி போனஸ் வாங்கிக்கொண்டு ஊருக்குப் பஸ் ஏறுகிறவர்களில் சிலர் திரும்புவதில்லை, சிலர் வேறு கம்பெனிக்கு மாறி வீட்டையும் மாற்றிவிடுகிறார்கள். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது, நான் வங்கியில் கடன் பிரிவில் இருந்தேன். வாடகையை மட்டும் நம்பித் தவணை கட்டிக்கொண்டிருந்தவர்கள் பாஸ்புக்கோடு வந்து நின்றது இன்னும் கண்ணில் நிற்கிறது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கான இறக்குமதி வரியை 50 சதவீதமாக்கியபோது ஆர்டர்கள் என்ன ஆயின என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அதனால் வருஷத்துக்குப் பத்து மாத வாடகையைத்தான் வரவாக வையுங்கள். ஆறு வீட்டுக்கு 2,70,000. வீட்டு வரி, மோட்டார் ரிப்பேர், செப்டிக் டேங்க் எடுப்பது, வெள்ளையடிப்பது இதற்கெல்லாம் ஒரு மாத வாடகை 27,000 போய்விடும். மிச்சம் 2,43,000. தவணையோ வருஷத்துக்கு 2,70,000. ஆக, கையிலிருந்து 27,000 போடவேண்டி வரும். அதைவிட முக்கியம், 22,500 என்பது உங்கள் சம்பளத்தில் பாதிக்கும் மேல். வீடு காலியாக இருக்கும் மாதத்தில் அதைக் கட்டிவிட்டு எப்படிக் குடும்பம் நடத்துவீர்கள்?

நான்கு வீடு என்றால், ஆறு வீட்டுக்கு 35 லட்சம் என்ற உங்கள் மதிப்பீட்டின்படியே சுமார் 23.5 லட்சம் ஆகும். 15 லட்சம் கடன், 8.5 லட்சம் கைக்காசு. தவணை சுமார் 13,500. அதே பத்து மாதக் கணக்கில் செலவு போக 1,62,000 நிற்கும், தவணையும் ஏறக்குறைய அவ்வளவுதான். சேமிப்பில் மீதி ஒன்றரை லட்சத்தைத் தொடாமல் வங்கியில் போட்டுவையுங்கள். சம்ப் (தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி), செப்டிக் டேங்க் இரண்டையும் மட்டும் இப்போதே ஆறு வீட்டு அளவுக்குக் கட்டிவிடுங்கள். பின்னால் தோண்டினால் செலவு இரட்டிப்பு.

30 லட்சம் வரையான வீட்டுக் கடனுக்கு மதிப்பில் 90 சதவீதம் வரை தர ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. தருகிறார்கள் என்பதற்காக வாங்க வேண்டாம். பட்ஜெட் இடித்தால் ‘இரண்டு ரூபாய் வட்டிக்கு’ யாராவது பணம் தர வருவார்கள், நம் பக்கம் அதற்குப் பஞ்சமே இல்லை. மாதம் 2 சதவீதம் என்றால் வருஷத்துக்கு 24. எந்த வாடகையும் அதைத் தாங்காது. ஒரு வீட்டைப் பூசாமல் நிறுத்தி வைத்தாலும் பரவாயில்லை, அந்தப் பணம் வேண்டாம். மாறும் வட்டியில் வாங்கிய வீட்டுக் கடனைத் தனிநபர் முன்கூட்டி அடைத்தால் அபராதம் கிடையாது. அதனால் உங்கள் தீபாவளி போனஸை அசலில் போடுங்கள்.

இடம் அப்பா பெயரில் இருப்பதால் அவரும் கடனில் சேர வேண்டியிருக்கும். இதற்காக அவசரப்பட்டு இடத்தை உங்கள் பெயருக்கு செட்டில்மென்ட் பத்திரம் எழுதி வாங்க வேண்டாம், அவர் காலம்வரை சொத்து அவர் பெயரிலேயே இருக்கட்டும். அங்கீகாரமில்லாத மனை என்றால் வரன்முறை செய்யாமல் பிளானும் கிடைக்காது, கடனும் கிடைக்காது. பிளானில் ஒரே வீடு என்று காட்டிவிட்டு லைன் கட்டுகிற வழக்கம் சிலரிடம் இருக்கிறது. வங்கி பணத்தைக் கட்டம் கட்டமாகத்தான் விடும். பார்வையிட வரும் இன்ஜினியர் குறித்துவிட்டால் அடுத்த கட்டப் பணம் நின்றுபோகும், கூரை கான்கிரீட் போட வேண்டிய நேரத்தில் கையைப் பிசைய வேண்டியதுதான்.

குடியிருப்பவர்கள் நிலைப்பது கரண்ட்டையும் தண்ணீரையும் பொறுத்தது. வீட்டுக்கு ஒரு மின் இணைப்பு வாங்குங்கள், இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் அவர்களுக்குச் சேரட்டும். மோட்டாருக்குத் தனி மீட்டர். உப்புத் தண்ணிக்கும் நல்ல தண்ணிக்கும் வேறு வேறு குழாய்.

வாடகைத் தேதியை ஒன்றாம் தேதி என்று வைக்காதீர்கள். சனிக்கிழமை வாரச் சம்பளம் வாங்குகிறவரிடம் செவ்வாய்க்கிழமை போய் நின்றால், “ஏனுங்கண்ணா, சனிக்கிழமை தந்தர்றனுங்க” என்பார். அவர் சொல்வதும் நியாயம்தான். மாதத்தின் முதல் சனிக்கிழமைக்கு மறுநாள் என்று பேசிவிடுங்கள். கேட்டால், இரண்டு பாதியாகவும் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒப்பந்தம் எழுத்தில் இருக்கட்டும். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம் உங்கள் ஊருக்குப் பொருந்தினால், அதை வாடகை அதிகார அமைப்பில் பதிய வேண்டும். வாடகை பாக்கி என்று தண்ணீரையோ கரண்ட்டையோ நிறுத்துவது அந்தச் சட்டப்படி தவறு. வருமான வரியில், வாடகையிலிருந்து கட்டிய வீட்டு வரியைக் கழித்து, மீதியில் 30 சதவீதமும் கடன் வட்டியும் கழித்துக்கொள்ளலாம். புதிய வரி முறையில் நஷ்டம் வந்தால் சம்பளத்தில் கழிக்க முடியாது.

அப்புறம் அட்வான்ஸ். மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்காதீர்கள். நான்கு வீட்டுக்கு 54,000 வரும். அதை ஜன்னல் கதவுக்குச் செலவழித்துவிட்டால், இரண்டு பேர் ஒரே வாரத்தில் காலி செய்யும்போது கொடுக்கப் பணம் இருக்காது. வாங்கிய அன்றே தனிக் கணக்கில் போட்டுவிடுங்கள், அது அவர்கள் பணம்.