அடுத்த பாடம் வேண்டாம், இதே பாடம்

அன்புள்ள ஐயா,

அரியலூர் மாவட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்குக் கணிதம் எடுக்கிறேன். பத்தாம் வகுப்பில் முப்பத்தெட்டுப் பேர். அதில் ஐந்து பேர் நான் பலகையில் கணக்கை எழுதி முடிப்பதற்குள் விடையைப் போட்டுவிட்டு, "மிஸ், அடுத்தது?" என்று நிற்கிறார்கள். முதலில் அதே மாதிரிக் கணக்குகளை இன்னும் கொஞ்சம் கொடுத்தேன். சலித்துப்போனார்கள். பிறகு பதினோராம் வகுப்புப் புத்தகத்தைக் கொடுத்தேன். சூத்திரங்களை வேகமாகப் பிடித்துக்கொண்டார்கள். போன வாரம் சும்மா ஒரு கேள்வி கேட்டேன்: ஓர் எண்ணின் வர்க்கம் அந்த எண்ணைப் போல் ஐந்து மடங்கு, அந்த எண் என்ன? ஐந்து பேரும் 5 என்றார்கள். பூஜ்யத்தை ஒருவரும் சொல்லவில்லை. அதிலிருந்து குழப்பமாக இருக்கிறது. இவர்களுக்கு இயற்கணிதத்தில் என்னதான் கொடுப்பது? எதைக் கொடுத்தாலும் பெற்றோர் "இது பரீட்சையில் வருமா?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்கு என்ன சொல்வது?

அன்புடன்,
ச.

அன்புள்ள ச. அவர்களுக்கு,

அந்தப் பூஜ்யத்தைக் கவனித்தீர்களே, உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். அந்த ஐந்து பேரும் இரண்டு பக்கத்தையும் அந்த எண்ணால் வகுத்து அடித்துவிட்டார்கள். அடிக்கலாமா, எப்போது அடிக்கலாம் என்று இதுவரை யாரும் அவர்களைக் கேட்டதில்லை. பதினோராம் வகுப்புப் புத்தகத்தை முழுக்க முடித்தாலும் இந்த ஓட்டை அப்படியேதான் இருக்கும். அதன்மேல் இன்னும் நிறைய சூத்திரங்கள் ஏறி உட்கார்ந்துகொள்ளும், அவ்வளவுதான்.

நானும் ஆசிரியராக இருந்த முதல் சில ஆண்டுகள் நீங்கள் செய்ததையே செய்தேன். கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு அடுத்த வகுப்புப் பாடம், அது முடிந்தால் நுழைவுத் தேர்வுக் கையேடு. ஒரு பையன் அந்தக் கையேட்டில் முக்கால்வாசியை முடித்துவிட்டு வந்தான். 6 என்ற எண்ணை இரண்டு முழு எண்களின் வர்க்கங்களின் வித்தியாசமாக எழுது என்றேன். அரை மணி நேரம் போராடிவிட்டு, "சார், வரல" என்றான். வராது என்பதுதான் விடை. ஆனால் 'ஏன் வராது' என்று கேட்கலாம் என்பதே அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை. அன்றைக்குத்தான் நான் வழியை மாற்றினேன்.

உங்களுக்கு நான் சொல்வது இதுதான்: அடுத்த பாடத்துக்குப் போக வேண்டாம். எட்டாம் வகுப்பிலிருந்து எல்லோரும் "ஏ ஸ்கொயர் மைனஸ் பி ஸ்கொயர்" என்று ஒப்பிக்கிறார்களே, அந்த ஒரே முற்றொருமையை (எந்த எண்ணைப் போட்டாலும் உண்மையாகும் சமன்பாட்டை) எடுத்துக்கொண்டு ஒரு பருவம் முழுக்க அதிலேயே இருங்கள். இங்கே தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன், பலகையில் நீங்கள் வழக்கம்போல் எழுதிக்கொள்ளுங்கள்.

அ² − இ² = (அ + இ)(அ − இ)

முதல் வாரத்துக்கு 1 முதல் 50 வரை எண்களைப் பட்டியல் போடச் சொல்லுங்கள். ஒவ்வொன்றையும் இரண்டு முழு எண்களின் வர்க்கங்களின் வித்தியாசமாக எழுத வேண்டும். 3 = 2² − 1², 8 = 3² − 1², 12 = 4² − 2². இதை அந்த ஐந்து பேருக்கு மட்டும் கொடுக்காதீர்கள், முப்பத்தெட்டுப் பேருக்கும் கொடுங்கள். பெருக்கல் வாய்ப்பாடு தெரிந்தால் போதும், யாரும் இறங்கலாம். 2, 6, 10, 14, 18 என்று காலி இடங்கள் விழத் தொடங்கும். இதை முதலில் கண்டுபிடிப்பது பெரும்பாலும் அந்த வேகமான ஐந்து பேராக இருக்காது. நிதானமாக ஒவ்வோர் எண்ணாகப் போட்டுக்கொண்டு வரும் பிள்ளைதான் "மிஸ், நாலு நாலா தள்ளி வராம போகுது" என்று சொல்லும். என் வகுப்பில் திரும்பத் திரும்ப அப்படித்தான் நடந்தது.

அப்புறம் 'ஏன்' என்று கேளுங்கள். விடையை நீங்கள் சொல்லாதீர்கள், பத்து நாள் ஆனாலும் பரவாயில்லை. (அ + இ), (அ − இ) இரண்டுக்கும் இடைவெளி 2இ, அது இரட்டை எண். ஆகவே இரண்டுமே ஒற்றையாக இருக்கும், இல்லையென்றால் இரண்டுமே இரட்டையாக இருக்கும். ஒற்றை என்றால் பெருக்கற்பலனும் ஒற்றை. இரட்டை என்றால் பெருக்கற்பலன் 4ஆல் வகுபட்டே தீரும். 6 இரண்டிலும் சேராது. ஒரு முற்றொருமையை வைத்து 'இது நடக்கவே நடக்காது' என்று நிரூபிக்க முடிகிறது என்பதை ஒரு பிள்ளை முதன்முதலாக உணரும் இடம் இது. பயிற்சிக் கணக்கு எதிலும் அந்த அனுபவம் கிடைக்காது, ஏனென்றால் அங்கே எல்லாக் கணக்குக்கும் விடை உண்டு.

அடுத்து எத்தனை வழி என்று கேட்கலாம். 45க்கு மூன்று வழி: 23² − 22², 9² − 6², 7² − 2². 1 × 45, 3 × 15, 5 × 9 என்ற மூன்று காரணி ஜோடிகள்தான் அந்த மூன்று வழிகளும். 13க்கு ஒரே வழி. 9க்கு 3² − 0² செல்லுமா, செல்லாதா? இந்த விவாதத்தை நீங்கள் தீர்த்து வைக்காதீர்கள், அவர்களே சண்டை போட்டு முடிவு செய்யட்டும். செல்லும் என்று வைத்துக்கொண்டால், 1ஐ விடப் பெரிய ஒற்றை எண்களில் ஒரே வழி உள்ளவை எல்லாம் பகா எண்கள் என்று வந்து நிற்கும்.

அதையே திருப்பிப் போட்டால் பெரிய எண்ணைக் காரணிப்படுத்தலாம். 8051க்குக் காரணி கண்டுபிடி என்றால் 3, 7, 11 என்று வகுத்துக்கொண்டே போவார்கள். 90² = 8100, அதிலிருந்து 49 குறைவு, ஆக 90² − 7², ஆக 97 × 83. 17ஆம் நூற்றாண்டில் ஃபெர்மா என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர் 2027651281 என்ற எண்ணை இந்த வழியில்தான் உடைத்தார். அதன் வர்க்கமூலத்துக்கு அடுத்த முழு எண் 45030. அதன் வர்க்கத்திலிருந்து கொடுத்த எண்ணைக் கழித்து, மீதி முழு வர்க்கமா என்று பார்ப்பது. இல்லையென்றால் 45031. இப்படிப் பன்னிரண்டாவது முயற்சியில் 45041² − 1020² என்று கிடைக்கும். கால்குலேட்டரைக் கொடுத்து அதே பன்னிரண்டு படிகளையும் பிள்ளைகளைப் போடச் சொல்லுங்கள்.

இப்போது உங்கள் பூஜ்யத்துக்கு வருகிறேன். அவர்களுக்கு இதைப் பலகையில் எழுதுங்கள். அ = இ என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பக்கமும் அ-வால் பெருக்கினால் அ² = அஇ. இரண்டு பக்கமும் இ² கழித்தால் அ² − இ² = அஇ − இ². அதாவது (அ + இ)(அ − இ) = இ(அ − இ). பொதுவாக இருப்பதை அடித்தால் அ + இ = இ. இரண்டும் சமம்தானே, ஆகவே 2இ = இ, ஆகவே 2 = 1. எங்கே தப்பு? இது பழைய கணக்குதான். ஆனால் உங்கள் ஐந்து பேரும் போன வாரம் செய்த அதே காரியம், பூஜ்யமாக இருக்கக்கூடிய ஒன்றால் வகுப்பது, இதற்குள் ஒளிந்திருக்கிறது. அவர்களே கண்டுபிடித்த பிறகு அந்த 'ஐந்து மடங்கு' கேள்வியை மறுபடி கேளுங்கள். இந்தத் தடவை யாரும் சொல்லிக்கொடுக்காமலே பூஜ்யம் வரும்.

இருபடிச் சமன்பாட்டுக்கும் இதே முற்றொருமைதான் வாசல். இரண்டு எண்களின் கூடுதல் 10, பெருக்கற்பலன் 21. காரணி தேடாமல், இரண்டும் 5லிருந்து ஒரே தூரம் தள்ளி நிற்கின்றன என்று எடுத்துக்கொள்ளுங்கள். 5² − தூரம்² = 21, ஆகவே தூரம் 2, எண்கள் 7, 3. ஏறத்தாழ நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன் பாபிலோனியர்கள் களிமண் பலகையில் இப்படித்தான் போட்டிருக்கிறார்கள். பெருக்கற்பலனை 22 ஆக்கினால் தூரம் √3. 25 ஆக்கினால் தூரமே இல்லை. 26 ஆக்கினால்? தூரத்தின் வர்க்கம் −1 என்று வந்து நிற்கும். இருபடிச் சமன்பாட்டின் விடைகள் எப்படிப்பட்டவை என்று சொல்லும் எண்ணைத் தன்மைக்காட்டி என்று நாம் பெயர் சொல்லி மனப்பாடம் செய்ய வைக்கிறோமே, அது என்ன காட்டுகிறது என்பது இங்கேதான் கண்ணுக்குத் தெரிகிறது.

பெற்றோர் கேள்விக்கு நேர்மையாகவே பதில் சொல்லுங்கள்: இந்தக் கணக்குகள் அப்படியே பரீட்சையில் வராது. ஆனால் 'இந்தக் கோவை முழு வர்க்கம் எனில் அ, இ மதிப்புக் காண்க' என்ற ஐந்து மதிப்பெண் கேள்வியை நீங்கள் எப்படியும் நடத்தத்தானே போகிறீர்கள், அதற்கு முந்தைய வாரம் இதைக் கொடுங்கள். அடுத்தடுத்த நான்கு எண்களைப் பெருக்கி 1 கூட்டச் சொல்லுங்கள்.

1 × 2 × 3 × 4 + 1 = 25
2 × 3 × 4 × 5 + 1 = 121
3 × 4 × 5 × 6 + 1 = 361
4 × 5 × 6 × 7 + 1 = 841

எல்லாமே முழு வர்க்கம்: 5, 11, 19, 29. எப்போதும் இப்படித்தானா? முதல் எண்ணை ந என்று வைத்து நான்கையும் பெருக்கினால் நான்காம் படிக் கோவை வரும், பாடத்தில் உள்ள முறைப்படி வர்க்கமூலம் எடுத்தால் ந² + 3ந + 1 கிடைக்கும். அந்த முறையை ஒரு காரணத்தோடு செய்யும் வாய்ப்பு அது. பிறகு இன்னொரு வழி இருக்கிறதா என்று கேளுங்கள். ஓரத்து இரண்டையும் பெருக்கினால் ந² + 3ந. நடு இரண்டையும் பெருக்கினால் ந² + 3ந + 2. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் எண்ணை ம என்போம். மொத்தக் கணக்கும் (ம − 1)(ம + 1) + 1 ஆகிவிடுகிறது, அது ம². நம் பழைய முற்றொருமையே மறுபடி. இதைப் பார்த்த மாணவி ஒருத்தி பெஞ்சைத் தட்டிவிட்டு எழுந்து நின்றது இன்னும் நினைவில் இருக்கிறது.

அந்த (ம − 1)(ம + 1) + 1 = ம² என்ற வரியை விட்டுவிடாதீர்கள், அதிலிருந்து நேராக ராமானுஜனிடம் போகலாம். 1911இல், சென்னைத் துறைமுகத்தில் எழுத்தர் வேலை கிடைப்பதற்கு முந்தைய ஆண்டு, இந்தியக் கணிதச் சங்கத்தின் இதழில் அவர் ஒரு கேள்வி போட்டார்:

√(1 + 2√(1 + 3√(1 + 4√(1 + ...)))) இதன் மதிப்பு என்ன?

பல மாதம் யாரும் விடை அனுப்பவில்லை, கடைசியில் அவரே சொன்னார்: 3. உங்கள் பிள்ளைகளால் அதைத் தொட முடியும். 3² = 1 + 2 × 4. அந்த 4ஐ எடுங்கள், 4² = 1 + 3 × 5. அந்த 5ஐ எடுங்கள், 5² = 1 + 4 × 6. ஒன்றுக்குள் ஒன்றாக வைத்துக்கொண்டே போனால் ராமானுஜனின் கேள்வி உருவாகிவிடும்.

இதோடு நிறுத்திவிடாதீர்கள். "4ஐயும் இப்படிப் பிரிக்கலாமே?" என்று யாராவது கேட்பார்கள். கேட்காவிட்டால் நீங்கள் கேளுங்கள். 4² = 1 + 2 × 7.5. அந்த 7.5இன் வர்க்கம் 56.25, அதையும் 1 + 3 × ஏதோ ஓர் எண் என்று எழுதலாம். அப்படியானால் விடை ஏன் 4 இல்லை? பிரித்துக்கொண்டே போவது மட்டும் நிரூபணம் ஆகாது என்பதுதான் இதிலிருந்து தெரிகிறது. கால்குலேட்டரை எடுத்து, தொடரை ஒவ்வோர் இடத்தில் வெட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்: 1, 1.73, 2.24, 2.56, 2.76... மதிப்பு மேலே ஏறுகிறது, 3ஐ நெருங்குகிறது. முழு நிரூபணம் மேல் வகுப்பு விஷயம் என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். பதினோராம் வகுப்புப் புத்தகத்தைக் கொடுக்கச் சரியான நேரம் அதுதான், அப்போது அவர்களாகவே கேட்பார்கள்.

கடைசியாக ஒன்று, இதற்கு விளக்கம் எழுதப் போவதில்லை. ஓர் எண்ணின் நான்காம் படியோடு 4 கூட்டினால் 5, 20, 85, 260, 629 என்று போகிறது. முதல் எண் மட்டும் பகா எண். அதற்குப் பிறகு பகா எண் வருமா? ஒன்றைக் கூட்டி, அதையே கழித்துப் பார்க்கலாம் என்ற துப்பு மட்டும் போதும். இதற்கான முற்றொருமை பிரெஞ்சுக் கணித அறிஞர் சோஃபி ஜெர்மேன் பெயரில் வழங்குகிறது. பெண்களைச் சேர்த்துக்கொள்ளாத பாரிஸ் கல்லூரி ஒன்றின் பாடக் குறிப்புகளை வாங்கிப் படித்து, ஆண் பெயரில் தன் விடைகளை எழுதி அனுப்பியவர் அவர். உங்கள் வகுப்புப் பெண்களுக்கு அந்தக் கதையையும் சொல்லுங்கள்.

வாரத்துக்கு ஒரு கேள்வி, பலகையின் வலது மூலையில், வெள்ளிக்கிழமை வரை அழிக்காமல் இருக்கட்டும். மதிப்பெண் போட வேண்டாம். யார் கண்டுபிடித்தாலும் தன் வாயால் வகுப்புக்கு விளக்கட்டும், தப்பான விடை சொன்ன பிள்ளைக்கும் அதே நேரம் கொடுங்கள். அந்த 1 முதல் 50 வரை பட்டியல் முடிந்ததும் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். காலி இடங்களை முதலில் கவனித்தது யார் என்றும் எழுதுங்கள்.

அன்புடன்.