இணையவழியில் இன்டீரியர் டிசைன் முதுகலை – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். கோவையில் ஒரு மாடுலர் கிச்சன் நிறுவனத்தில் நான்கு வருடமாக டிசைனராக இருக்கிறேன். படித்தது பி.எஸ்சி. கணினி அறிவியல். ஆட்டோகேட், ஸ்கெட்ச்அப் போன்ற வரைபட மென்பொருட்கள் எல்லாம் வேலையில் சேர்ந்தபிறகு பழகியவை. ஒரு பொருளை ஏன் அந்த இடத்தில் வைத்தேன் என்று வாடிக்கையாளர் கேட்டால் "நல்லா இருக்கும் சார்" என்பதற்கு மேல் எனக்கு வார்த்தை வருவதில்லை. பிரிட்டனில் உள்ள ஒரு பல்கலைக்கழகம் இணையவழியில் நடத்தும் எம்.ஏ. இன்டீரியர் டிசைனில் சேரலாமா என்று யோசிக்கிறேன். இரண்டு வருடம், பகுதிநேரம். வேலையை விட முடியாது. கட்டணம் என் ஒரு வருடச் சம்பளத்தைவிட அதிகம். திரையில் பார்த்து இதைக் கற்றுக்கொள்ள முடியுமா? பட்டம் இங்கே செல்லுமா? சேர்வதென்றால் இப்போதே என்ன செய்து வைக்கலாம்?

ஆர்., கோவை

அன்புள்ள ஆர்.,

பட்டத்தின் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். இந்தியாவில் இன்டீரியர் டிசைனராகத் தொழில் செய்ய உரிமம் எதுவும் வேண்டியதில்லை. 1972ஆம் ஆண்டின் ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டம் காப்பது 'ஆர்க்கிடெக்ட்' என்ற பெயரைத்தான். அதனால், நீங்கள் சேரும் படிப்பின் பெயரிலேயே 'இன்டீரியர் ஆர்க்கிடெக்சர்' என்று இருந்தாலும், அதை முடித்துவிட்டு விசிட்டிங் கார்டில் 'இன்டீரியர் ஆர்க்கிடெக்ட்' என்று அடித்துக்கொள்ளாதீர்கள். வீடு கட்டுகிறவர் உங்களிடம் சான்றிதழ் கேட்கப்போவதில்லை. கல்லூரியில் பாடம் எடுக்கவோ அரசு வேலைக்கு விண்ணப்பிக்கவோ எண்ணமிருந்தால் வெளிநாட்டுப் பட்டத்துக்கு இணைத்தகுதி, அதாவது இந்தியப் பட்டத்துக்குச் சமம் என்ற சான்று, தேவைப்படும். இணையவழிப் பட்டத்துக்கு அது கிடைக்குமா என்பதை, பணம் கட்டுவதற்கு முன், அதை வழங்கும் அமைப்பிடமே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சேர்க்கை முகவர் போனில் சொல்வது எழுத்தாகாது. நடுவில் ஒரு எட்டெக் (இணையவழிக் கல்வி விற்கும்) நிறுவனம் நின்றுகொண்டு வெளிநாட்டுப் பட்டம் என்று விற்பதைப் பற்றி யுஜிசி எச்சரித்திருப்பதையும் மனதில் வையுங்கள். பின்னாளில் அமெரிக்கா போகும் நோக்கம் இருந்தால் கணக்கே வேறு. அங்கே இன்டீரியர் டிசைனர்களுக்கான தகுதித் தேர்வான என்சிஐடிக்யூவை முழுதாக எழுதி முடிக்கப் படிப்போடு 3,520 மணி நேரப் பணி அனுபவமும் வேண்டும். உங்கள் படிப்பு அந்தத் தகுதிக்குள் வருமா என்பதைச் சேரும்முன்பே பார்த்துவிட வேண்டும்.

அடுத்து நேரம். பிரிட்டனின் எம்.ஏ. என்பது 180 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்குப் பத்து மணி நேர உழைப்பு என்பது அவர்கள் கணக்கு. ஆக மொத்தம் 1,800 மணி நேரம். வருடத்துக்கு 45 வாரம் படிக்கிறீர்கள் என்று வைத்தாலும் இரண்டு வருடத்துக்கு வாரம் 20 மணி நேரம் வருகிறது. நான்கு இரவு இரண்டரை மணி நேரம், ஞாயிறு முழுக்கப் பத்து மணி நேரம். விளம்பரத்தில் 'உங்கள் வசதிப்படி' என்று இருக்கும். அந்த வசதி இதற்குள்தான். லண்டனில் மாலை 6 மணி வகுப்பு என்றால் கோவையில் கோடையில் இரவு 10.30, குளிர்காலத்தில் 11.30. மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறுகளில் அவர்கள் கடிகாரத்தை மாற்றுவார்கள். அந்த வாரம் வகுப்பைத் தவறவிடும் இந்திய மாணவர்கள் எப்போதும் உண்டு.

இனி உங்கள் முக்கியமான கேள்விக்கு வருகிறேன். திரையில் எதைக் கற்க முடியும், எதை முடியாது?

'நல்லா இருக்கும்' என்ற பதிலை 'இதனால் இங்கே வைத்தேன்' என்று மாற்றுவதுதான் முதுகலையின் வேலை. அதை இணையவழியில் நன்றாகவே கற்கலாம். வாசிப்பு, விவாதம், வரைந்ததைக் காட்டித் திட்டு வாங்குவது எல்லாம் திரையில் நடக்கும். மென்பொருளைக் கற்க எம்.ஏ. போகாதீர்கள், அது உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. கிடைக்காதது சைட், அதாவது வேலை நடக்கும் இடம். ஆசிரியர் உங்கள் அறைக்குள் வந்து சுவரைத் தட்டிப் பார்க்க மாட்டார். நீங்கள் கொடுக்கும் வரைபடத்தில் சுவர் நேராக இருந்தால் அவருக்கும் அது நேரான சுவர்தான். நேரடி வகுப்பில் ஆசிரியர் கண்டுபிடித்துவிடும் அளவுப் பிழை, இணைய வகுப்பில் இரண்டு வருடமும் உயிரோடு இருக்கும். ஆகவே ப்ராஜெக்டுக்கு எடுக்கும் இடம் நடந்தோ ஸ்கூட்டரிலோ போய்வரும் தூரத்தில் இருக்க வேண்டும். லண்டனில் ஒரு கிடங்கைக் கூகுள் வரைபடத்தில் பார்த்து எடுத்துக்கொள்கிறவர்கள் முதல் மாதம் மகிழ்ச்சியாக இருப்பார்கள்.

அளவெடுப்பதை எடுத்துக்கொள்வோம். 12க்கு 10 அடி அறை என்றால் நான்கு சுவரை அளந்து எழுதிக்கொண்டு வந்துவிடுவது வழக்கம். இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்தீர்களா என்பதுதான் கேள்வி. மில்லிமீட்டரில் 3660, 3050 உள்ள அறை சரியான செங்கோணமாக இருந்தால் மூலைவிட்டம் 4764 வரும், இரண்டும் ஒன்றாக இருக்கும். இரண்டுக்கும் 30 மி.மீ. வேறுபாடு இருந்தால், எதிரெதிர்ச் சுவர்கள் இணையாகவே இருந்தாலும், பத்தடிச் சுவர் ஒரு முனைக்கும் மறு முனைக்கும் இடையில் ஏறத்தாழ 20 மி.மீ. கோணல். அந்தச் சுவரை ஒட்டி வார்ட்ரோப் செய்தால் ஒரு முனையில் விரல் நுழையும் சந்து தெரியும். துண்டு துண்டாக அளந்து கூட்டாதீர்கள். எட்டுத் துண்டில் ஒவ்வொன்றுக்கும் 3 மி.மீ. தவறினால் கடைசியில் 24 மி.மீ. நிற்கும். ஒரே மூலையிலிருந்து டேப்பை எடுக்காமல் ஓட்டி, ஜன்னல் ஓரம், தூண், சுவிட்ச் பெட்டி எல்லாவற்றையும் அந்த ஒரு பூஜ்யத்திலிருந்து எழுதுங்கள். இரண்டு சுவருக்கு நடுவே மரவேலை வருகிற இடத்தில் அகலத்தைத் தரைமட்டம், இடுப்பு, லிண்டல் (ஜன்னலுக்கு மேலுள்ள விட்டம்) என்று மூன்று உயரத்தில் அளந்து, குறைந்ததை எடுங்கள். பூச்சு எங்கும் ஒரே கனம் இருப்பதில்லை. பீம் எவ்வளவு கீழே இறங்குகிறது என்பதை மறந்துவிட்டு ஃபால்ஸ் சீலிங் வரைந்தவர்கள், பின்னால் ஏசி டிரெயின் குழாய்க்குச் சரிவு கொடுக்க இடமில்லாமல் முழிப்பார்கள்.

மாடுலர் கிச்சன் அனுபவம் உங்களுக்குப் பலம். 600 அகலப் பெட்டியில் இரண்டு பக்கமும் 18 மி.மீ. பிளைவுட் போனால் உள்ளகலம் 564, டிராயர் ஓடும் தண்டவாளமான டெலிஸ்கோபிக் சேனலுக்குப் பக்கத்துக்கு 13 விட்டால் டிராயரின் வெளியகலம் 538 என்பது உங்களுக்குத் தூக்கத்திலும் தெரியும். உங்களோடு படிக்கப்போகும் பலர் 564க்கே டிராயர் வரைவார்கள். சுவரை ஒட்டிய ஷட்டர் (பெட்டியின் கதவு) முழுதாகத் திறக்க 50 மி.மீ. ஃபில்லர் பட்டை விடவேண்டும் என்பதும் அப்படித்தான். இதையெல்லாம் 1:5 விவர வரைபடங்களாகப் போர்ட்ஃபோலியோவில் வையுங்கள். சேர்க்கைக் குழு கணினியில் நிஜம்போல உருவாக்கிய பளபளக்கும் ரெண்டர் படங்களைப் பார்த்துப் பார்த்துச் சலித்திருக்கும்.

ரெண்டர் என்றதும் வெயிலைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். ஸ்கெட்ச்அப்பில் இடத்தைக் குறிக்காமல் விட்டால் அது அமெரிக்காவின் கொலராடோவில் உள்ள போல்டர் நகரத்தை எடுத்துக்கொள்ளும். அது வட அட்சரேகை 40 பாகையில் இருக்கிறது. அங்கே நண்பகல் சூரியன் எந்த நாளும் தெற்கேதான். கோவை 11 பாகையில் இருக்கிறது. ஏப்ரல் மூன்றாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் நான்காம் வாரம்வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. இடத்தையும் நேர மண்டலத்தையும் மாற்றாத மாணவர் வடக்கு ஜன்னலை நிழல் என்று வரைவார், திரையில் அது நிழலாகவே தெரியும். போதாததற்கு, வெயிலுக்கு ஏங்கும் ஊரிலிருந்து பேசும் ஆசிரியர் 'மேற்கே இன்னும் பெரிய கண்ணாடி வைக்கலாமே' என்பார். மே மாதம் மாலை நான்கு மணிக்கு அந்தச் சுவரில் கைவைத்தவருக்கு அது எப்படி என்று தெரியும். அறைக்குள் ஒரு தெர்மாமீட்டர் வைத்து இரண்டு வாரம் மணிக்கு மணி குறித்துக் காட்டுங்கள். ஆசிரியர் உடனே ஒப்புக்கொள்வார். முதுகலை வகுப்பில் எண்ணோடு வரும் மறுப்புக்கு மதிப்பெண்ணும் உண்டு.

விளக்கு விஷயமும் ரெண்டரில் பொய் சொல்லும். எக்ஸ்போஷரைக் கூட்டினால் எந்த அறையும் வெளிச்சமாகிவிடும். கணக்குப் போட்டுக் காட்டுங்கள். அதே 12க்கு 10 அறை 11.2 சதுர மீட்டர். 150 லக்ஸ், அதாவது சதுர மீட்டருக்கு 150 லூமென் ஒளி, வேண்டுமென்றால் மொத்தம் 1,680 லூமென். சுவரும் சீலிங்கும் விழுங்குவதற்கு 0.6, தூசுக்கும் பழசாவதற்கும் 0.8 என்று வகுத்தால் 3,500 லூமென் தேவை. சுவரில் அடர்ந்த நிறம் அடித்தால் அந்த 0.6 இன்னும் குறையும், விளக்கு கூடும். டயலக்ஸ் ஈவோ என்ற இலவச மென்பொருள் இதையே அறை முழுக்கப் புள்ளிபுள்ளியாகக் காட்டும்.

விமர்சன வகுப்பில், கிரிட் என்பார்கள், நல்ல வேலை வீணாவதற்கு முதல் காரணம் தாளின் அளவு. ஏ1 தாளுக்கு அமைத்த வரைபடத்தை அப்படியே திரையில் பகிர்வார்கள். 841 மி.மீ. தாள் 310 மி.மீ. லேப்டாப் திரையில் வந்தால் 37 சதவீதம்தான், 2.5 மி.மீ. எழுத்து ஒரு மில்லிமீட்டருக்கும் கீழே போய்விடும். ஆசிரியர் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டுப் பொதுவாக ஏதோ சொல்வார், உங்கள் இருபது நிமிடம் போய்விடும். கிரிட்டுக்குத் தனியாக, ஒரு திரைக்கு ஒரு வரைபடம் என்று அமையுங்கள். வெட்டப்படும் சுவர்க்கோடு 0.5, மற்றவை 0.25, டைல் கோடு 0.13 என்று கனத்தைப் பிரியுங்கள். '1:50' என்று எழுதுவதோடு அளவுகோல் பட்டையும் போடுங்கள். ஏ1 வரைபடத்தை யாராவது ஏ3இல் அச்செடுத்தால் 1:50 என்பது 1:100 ஆகிவிடும், பட்டை மட்டும் பொய் சொல்லாது. கடைசியாக, முடித்த வேலையைக் காட்டாதீர்கள். முடிக்காததைக் காட்டினால்தான் திருத்த இடமிருக்கும். பதிவு செய்த வீடியோவை மட்டும் பார்த்து வீட்டுப்பாடம் அனுப்பும் படிப்பாக இருந்தால் சேராதீர்கள். ஒரு மாணவருக்கு வாரம் எத்தனை நிமிடம் நேரலை விமர்சனம், ஒரு ஆசிரியருக்கு எத்தனை மாணவர் என்ற இரண்டையும் சேர்க்கைப் பேச்சிலேயே கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் அதுவே பதில்.

பொருட்களைத் தொட்டுப் பழகுவது முழுக்க உங்கள் பொறுப்பு. லாமினேட் கடைகளில் பழைய கேட்லாக் கேட்டால் கொடுப்பார்கள். ஒவ்வொரு மாதிரியின் பின்னாலும் கனம், விலை, எங்கே ஒட்டலாம், எதனால் கீறும் என்று நான்கு வரி எழுதுங்கள். பொது உபயோகத்துக்கான 303 தர பிளைவுட்டில் ஒரு துண்டு, மரைன் பிளைவுட் எனப்படும் 710இல் ஒரு துண்டு, மரநாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப்பில் ஒரு துண்டு எடுத்து மூன்றையும் ஒரு வாரம் தண்ணீரில் போட்டு, தினமும் கனத்தை அளந்து புகைப்படம் எடுங்கள். ஐம்பது ரூபாய்ப் பரிசோதனைதான். ஆனால் சிங்குக்குக் கீழே இந்தப் பலகையை ஏன் போட்டோம் என்பதற்கு அதைவிட நல்ல பதில் கிடையாது.

கணினி: விண்டோஸ், 32 ஜிபி ரேம், 8 ஜிபி கிராபிக்ஸ் கார்டு. ரெவிட், 3டிஎஸ் மேக்ஸ் என்ற முப்பரிமாண மென்பொருட்கள் இரண்டும் மேக்கில் நேரடியாக ஓடாது. ஆட்டோடெஸ்க் மென்பொருட்களை மாணவராக இலவசமாகப் பெறலாம், வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும். அதற்கு வேறு பணம் வைக்காதீர்கள், யுபிஎஸ் வாங்குங்கள்.

இறுதி ப்ராஜெக்டுக்குப் பெரும்பாலும் 60 கிரெடிட், அதாவது 600 மணி நேரம். 'மனஅமைதி தரும் கஃபே' போன்ற தலைப்புகள் இருநூறாவது மணியில் வற்றிவிடும். கோவையில் இருக்கிறீர்கள். மூடிய பஞ்சாலைகளின் ரம்பப்பல் கூரைகள் உங்கள் ஊரில் கண்ணுக்கு முன் நிற்கின்றன. நேர் வெயில் விழாமல் வடக்கு வெளிச்சம் மட்டும் வரட்டும் என்று இங்கிலாந்து ஆலைகளுக்காக அமைந்த வடிவம் அது. மேலே சொன்ன அந்த நான்கு மாதம், 11 பாகையில், அந்தக் கூரையின் வடக்கு முகக் கண்ணாடி வழியே நண்பகல் வெயில் உள்ளே வருமா, எந்தச் சாய்வுக்கு எவ்வளவு வரும், உள்ளே நூலகமோ தையல் பயிற்சிக்கூடமோ வைத்தால் மேசைகள் எங்கே போக வேண்டும்? இந்தக் கேள்விக்கு உங்கள் பிரிட்டன் ஆசிரியரிடம் பதில் இருக்காது, ஆனால் கூரை அவருக்குத் தெரிந்ததாக இருக்கும். உள்ளே போக ஆலை உரிமையாளரின் அனுமதிக் கடிதம் வாங்க மாதக்கணக்கில் ஆகலாம். பல்கலைக்கழக லெட்டர்ஹெட் வரும்வரை காத்திராமல் இப்போதே கேட்க ஆரம்பியுங்கள். கிடைத்தால் ஜூன் 21ஐ ஒட்டி, மேகம் இல்லாத ஒரு நண்பகலில், தரையில் விழும் வெயில் பட்டையைச் சாக்பீஸால் சுற்றி வரைந்து அளந்துவிடுங்கள். அந்த நாள் தவறினால் அடுத்த வருடம்தான்.