மன்னார்குடித் தங்கைக்கு: இந்தப் படிப்பை வீட்டில் மறைக்காதே

மன்னார்குடியிலிருந்து கனடா வந்து மருத்துவ உளவியல் முனைவர் படிப்பில் சேர்ந்திருக்கிறாய். பெண்களின் பாலுணர்வை ஆராயும் குழுவில் இடம் கிடைத்திருக்கிறது. இதில் பிழைப்பு உண்டா, ஊரில் என்ன சொல்வது என்று கேட்டிருக்கிறாய். அக்கா என்று கூப்பிட்டதால் நீ என்றே எழுதுகிறேன். நானும் குத்தாலத்துக்காரி, இதே துறைதான்.

பிழைப்பு உண்டு. படிப்போடு ஒரு வருட முழுநேரப் பயிற்சி, அப்புறம் மாகாணத்தில் உளவியலாளராகப் பதிவு. அது வந்துவிட்டால் மருத்துவமனையோ சொந்த கிளினிக்கோ உன் விருப்பம். ஆராய்ச்சியை மட்டும் நம்பினால் நிரந்தர வேலை கிடைப்பது கஷ்டம். சிகிச்சைப் பயிற்சியை விட்டுவிடாதே.

ஆய்வுக்கூடத்தைப் பற்றி ஊரில் கண்டபடி கற்பனை செய்வார்கள். உண்மையில் சம்மதக் கடிதத்தில் கையெழுத்திட்ட பெண் பூட்டிய அறையில் தனியாக இருப்பாள். டாம்பன் அளவிலான ஒளி உணரியைத் தானே பொருத்திக்கொண்டு பாலுணர்வைத் தூண்டும் படம் பார்ப்பாள். ரத்த ஓட்டத்தைக் கருவி அளக்கும். தனக்கு எப்படி இருக்கிறது என்பதை அவளே பதிவு செய்வாள். இந்த இரண்டும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று கனடாவின் குயின்ஸ் பல்கலைக்கழக உளவியலாளர் மெரிடித் சிவர்ஸும் சகாக்களும் 132 ஆய்வுகளைத் தொகுத்து 2010இல் எழுதினார்கள். முழுப் பொருத்தம் 1 என்றால் ஆண்களுக்கு 0.66, பெண்களுக்கு 0.26தான். உடல் காட்டும் மாற்றம் வேறு, மனதின் விருப்பம் வேறு. வன்புணர்வுக்கு ஆளானவளிடம் 'உடம்பு ஒத்துழைத்ததே' என்று கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை.

வீட்டில் உள்ளதைச் சொல்லிவிடு. 'பெண்கள் உடல்நலம்' என்று பூசி மெழுகினால், உன்னிடம் கேட்க வேண்டியவர்கள் கேட்காமலே போய்விடுவார்கள். குத்தாலத்தில் நான் சொன்னதும் மாமா பேச்சை மாற்றிவிட்டார். சாயங்காலம் கொல்லையில் வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்த பெரியம்மா, நரம்பை உருவியபடியே, "கல்யாணம் ஆன நாள்லேருந்து வலிதான்டி. எல்லாருக்கும் அப்படித்தானா?" என்று கேட்டார். பேரன் பேத்தி எடுத்தவர்! அதுவரை அதை யாரிடமும் சொன்னதில்லையாம்.

உடலுறவின்போது வரும் அந்த வலிக்குச் சிகிச்சை இருக்கிறது. இடுப்புத் தசைகளுக்கான பிசியோதெரபி, பயத்தைப் படிப்படியாகக் குறைக்கும் உளவியல் பயிற்சி எல்லாம் உண்டு. ஆனால் நம் பக்கத்தில் "இன்னும் விசேஷம் இல்லையா?" என்று நாலு பேர் கேட்ட பிறகுதான் தம்பதி டாக்டரிடம் போகிறார்கள், அதுவும் குழந்தைக்காக. வலியைப் பற்றிய பேச்சே அங்கே எழாமல் போகலாம். இந்தத் துறையின் ஆய்வுகளோ பெரும்பாலும் மேற்கத்தியப் பெண்களை வைத்து நடந்தவை. தமிழில் கேட்டு, தமிழில் பதில் வாங்கி ஆய்வு செய்ய உன்னால் முடியும். வழிகாட்டும் பேராசிரியரிடம் இப்போதே பேசு.

கும்பகோணத்திலோ தஞ்சாவூரிலோ வந்து சிகிச்சை தரும் எண்ணம் இருந்தால், மருத்துவ உளவியலாளராக இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு வேண்டும். வெளிநாட்டுப் பட்டம் தானாகச் செல்லுபடியாகிவிடாது. பாடத்திட்டம், பயிற்சி நேரம், மேற்பார்வையாளர் கையெழுத்து எல்லாவற்றையும் முதல் பருவத்திலிருந்தே ஒரு கோப்பில் சேர்த்து வை.