ஏழு இயல்கள், ஏழு கோப்புகள்: ஆய்வேடு முழுவதும் வடிவமைப்பு ஒன்றாக இருக்க என்ன செய்ய வேண்டும்?

கேள்வி: தமிழ் முனைவர் பட்ட ஆய்வேட்டை இயல் வாரியாக ஏழு வேர்டு கோப்புகளாக வைத்திருக்கிறேன். ஒன்றில் எழுத்து பெரிதாகவும், இன்னொன்றில் வரிகள் நெருக்கமாகவும் தெரிகின்றன. எல்லாவற்றையும் ஒரே மாதிரி ஆக்குவது எப்படி?

பதில்: பதினான்கு ஆண்டுகளாக ஒரு பல்கலைக்கழகத்தின் எதிரே டிடிபி மையம் நடத்துகிறேன். ஆய்வேடு சமர்ப்பிக்கும் மாதங்களில் இதே கேள்வியோடு தினமும் யாராவது வந்து நிற்பார்கள். நான்கைந்து ஆண்டு உழைப்பைப் பென் டிரைவில் வைத்துக்கொண்டு, "பக்கம் மட்டும் சரியாக வரமாட்டேன் என்கிறது" என்று கண் கலங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

நோய் எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள். உங்கள் கோப்புகள் ஏழும் ஒரே இடத்தில் பிறந்தவையாக இருக்காது. ஒன்று வீட்டுக் கணினியில், ஒன்று துறை நூலகத்தில், ஒன்று பிரவுசிங் சென்டரில் தொடங்கியிருக்கும். வேர்டு ஒவ்வொரு கணினியிலும் 'நார்மல்' என்ற அடிப்படை வார்ப்புரு (டெம்ப்ளேட், அதாவது வடிவமைப்பு அளவுகளைத் தாங்கிய மாதிரிக் கோப்பு) ஒன்றை வைத்திருக்கிறது. புதிய கோப்பைத் திறக்கும்போது அந்தக் கணினியின் நார்மல்தான் உள்ளே வந்து உட்காரும். அதன் மேல் நீங்கள் கையால் செய்த மாற்றங்கள், அதன் மேல் இணையத்திலிருந்து ஒட்டியவை. இப்படி அடுக்கடுக்காகச் சேர்ந்த பிறகு, ஒரு கோப்பைப் பார்த்து இன்னொன்றைக் கண்ணளவில் சரிசெய்வது முடியாத வேலை. அளவுகள் எல்லாம் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். அந்த இடம் வார்ப்புரு. கோப்புகள் ஏழும் அதைக் கேட்டு நடக்க வேண்டும்.

ஆனால் வார்ப்புருவுக்குப் போகும் முன், எல்லா இயல்களும் எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடில் இருக்கின்றனவா என்று பாருங்கள். தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்று ஆணையிட்டது 2010இல். இன்றைக்கும் என்னிடம் வரும் ஆய்வேடுகளில் ஓர் இயலாவது பாமினி என்ற பழைய எழுத்துருவில் இருக்கிறது. பாமினியில் 'தமிழ்' என்று திரையில் தெரியும் சொல், கணினிக்கு ஜே, கே, பி, ஓ என்ற ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். அதற்கு லதா எழுத்துருவைக் கொடுத்தால் அந்த ஆங்கில எழுத்துகள் அப்படியே வெளியே வந்துவிடும். ஆகவே முதலில் எழுத்துருமாற்றி மென்பொருளில் இட்டு யூனிகோடாக்குங்கள். இதில் ஓர் ஆபத்து உண்டு. பத்தியை மொத்தமாக மாற்றினால், நடுவே இருக்கும் ஆங்கில நூற்பெயர்களும் தமிழ் எழுத்துக் குப்பையாகிவிடும். துணைநூற்பட்டியலில் இது கட்டாயம் நடக்கும். ஆங்கிலப் பகுதிகளைத் தனியே எடுத்து வைத்துவிட்டு மற்றதை மட்டும் மாற்றுங்கள்.

இனி வார்ப்புரு. புதிய கோப்பு ஒன்றைத் திறந்து தாள் ஏ4 என்று வையுங்கள். ஓரங்களை உங்கள் பல்கலைக்கழக விதிப்படி அமையுங்கள். பைண்டிங் வரும் இடப்பக்கத்துக்குப் பெரும்பாலும் 1.5 அங்குலம் கேட்பார்கள். பிறகு ஸ்டைல்கள், அதாவது எழுத்துரு, அளவு, இடைவெளி எல்லாவற்றையும் ஒரே பெயரில் சேர்த்து வைக்கும் வடிவமைப்புத் தொகுப்புகள். இயல் தலைப்புக்கு வேர்டிலேயே இருக்கும் 'ஹெட்டிங் 1', உள்தலைப்புக்கு 'ஹெட்டிங் 2', அதற்குள் வருவதற்கு 'ஹெட்டிங் 3'. இவற்றையே திருத்திப் பயன்படுத்தினால் பொருளடக்கம் தானாக வந்துவிடும். உடல் பத்தி, பாடல் மேற்கோள், அட்டவணைத் தலைப்பு, துணைநூற்பட்டியல் ஆகியவற்றுக்குத் தனித்தனி ஸ்டைல். சங்க இலக்கிய ஆய்வு என்றால் பாடல் மேற்கோள் ஸ்டைல் மிக முக்கியம். பாடலடிகளை ஸ்பேஸ் தட்டித் தட்டி உள்ளே தள்ளியிருப்பீர்கள்; எழுத்துரு மாறிய உடனே அத்தனையும் கலைந்துவிடும். உள்தள்ளலை ஸ்டைலிலேயே வைத்துவிடுங்கள்.

தமிழில் எழுதுபவர்கள் தடுக்கி விழும் இடம் இனிமேல்தான். ஸ்டைலில் எழுத்தளவை 12 என்று மாற்றுவீர்கள். ஆங்கிலச் சொற்கள் மாறும், தமிழ் அசையாமல் பழைய அளவிலேயே நிற்கும். காரணம், வேர்டு தமிழைச் 'சிக்கல் வரிவடிவம்' என்ற தனி வகையில் வைத்திருக்கிறது. அதற்கு எழுத்துரு, அளவு, தடிமன் எல்லாமே தனிக் கணக்கு. ஃபான்ட் பெட்டியைத் திறந்தால் லத்தீன் எழுத்துக்கு ஒரு பகுதியும், 'காம்ப்ளக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ்' என்று இன்னொரு பகுதியும் இருக்கும். இரண்டையும் நிரப்ப வேண்டும். இரண்டாவது பகுதியே காணவில்லை என்றால், ஆப்ஷன்ஸில் மொழிகளுக்கான பக்கத்துக்குப் போய்த் தமிழைச் சேருங்கள். இந்த ஒன்றைத் தெரிந்துகொள்ளாததால் இரவெல்லாம் ஒவ்வொரு பத்தியாகத் தேர்ந்தெடுத்து அளவை மாற்றிக்கொண்டிருந்த ஓர் ஆய்வாளரை எனக்குத் தெரியும். ஐந்தாம் இயலோடு அவருக்குக் கை ஓய்ந்துவிட்டது. ஸ்டைலில் ஓர் எண்ணை மாற்றியபோது ஏழு இயல்களும் சரியாயின. முன்பே யாரும் சொல்லவில்லையே என்று அவர் வருந்தியது இன்னும் என் மனத்தில் இருக்கிறது. லிப்ரே ஆபிஸ் பயன்படுத்துபவர்களுக்கும் இதே நிலைதான். அங்கே ஸ்டைல் பெட்டியில் தமிழுக்கான எழுத்துருவை 'சிடிஎல்' அல்லது 'காம்ப்ளக்ஸ்' என்ற தலைப்பின் கீழ் தேடுங்கள்.

வரி இடைவெளியும் அப்படித்தான் ஏமாற்றும். 1.5 என்று எல்லாக் கோப்பிலும் வைத்திருப்பீர்கள், ஆனாலும் ஒரு பக்கத்துக்கு வரும் வரிகள் ஒன்றாக இருக்காது. அந்த 1.5 என்பது எழுத்துருவின் சொந்த உயரத்தைப் பெருக்குவது. லதாவின் உயரம் வேறு, நிர்மலாவின் உயரம் வேறு. ஒரே வரியில் ஆங்கிலச் சொல் வேறு எழுத்துருவில் வந்தால் அந்த வரி மட்டும் விலகி நிற்கும். நான் உடல் பத்திக்கு 'எக்ஸாக்ட்லி' என்பதைத் தேர்ந்தெடுத்து, பாயின்ட் கணக்கில் ஓர் எண்ணைக் கொடுத்துவிடுவேன். கீ, ஜீ போன்ற எழுத்துகளின் தலையும், கூ, ழூ போன்றவற்றின் அடியும் வெட்டுப்படாத எண்ணாகப் பார்த்துக்கொள்ளுங்கள். படம் இருக்கும் பத்திக்கு மட்டும் இதைக் கொடுக்கக் கூடாது. கல்வெட்டுப் படத்தில் ஒரு கீற்று மட்டும் தெரியும், மீதி மறைந்துவிடும். படத்துக்கு 'சிங்கிள்' இடைவெளியோடு தனி ஸ்டைல் வையுங்கள். ஸ்டைல் திருத்தும் பெட்டியில் 'ஆட்டோமேட்டிக்கலி அப்டேட்' என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரு பத்தியை நடுவில் நிறுத்தியதும் எல்லாப் பத்திகளும் நடுவுக்கு ஓடும்.

இந்தக் கோப்பை 'வேர்டு டெம்ப்ளேட்' வகையில் சேமியுங்கள். அதை இருமுறை சொடுக்கித் திறந்தால் ஒவ்வொரு முறையும் புதிய கோப்பு ஒன்று வரும். அதில் ஓர் இயலின் உரையை ஒட்டுங்கள். டெவலப்பர் பட்டையில் 'டாகுமென்ட் டெம்ப்ளேட்' வழியாக வார்ப்புருவைப் பழைய கோப்போடு இணைக்கவும் முடியும். அங்கே ஸ்டைல்களைத் தானாகப் புதுப்பிக்கும் கட்டத்தில் டிக் செய்துவிட்டால், பின்னால் வார்ப்புருவில் செய்யும் திருத்தம் ஒவ்வொரு இயலையும் திறக்கும்போது வந்து சேரும். நெறியாளர் கடைசி வாரத்தில் "உள்தலைப்பைச் சற்றுச் சிறிதாக்குங்கள்" என்று சொன்னாலும் பதற வேண்டியதில்லை. ஆனால் இந்த இணைப்பு ஸ்டைல்களை மட்டுமே கொண்டுவரும். தாள் அளவு, ஓரம், பக்கத்தின் மேலே வரும் ஹெடர் எதுவும் வராது. அதனால்தான் புதிதாக ஒட்டுங்கள் என்கிறேன்.

ஒட்டிய பிறகும் பழைய கைவேலை உரையின் மேல் படிந்திருக்கும். ஸ்டைல் கொடுத்தாலும் அடங்காது. பத்தியைத் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல் விசையோடு ஸ்பேஸை அழுத்தினால் எழுத்தின் மேல் செய்த மாற்றங்கள் போகும். கன்ட்ரோலோடு கியூவை அழுத்தினால் பத்தியின் மேல் செய்தவை போகும். தடித்த எழுத்தும் சாய்ந்த எழுத்தும் சேர்ந்தே போய்விடும் என்பதால், சுத்தம் செய்யும் முன் ஓர் அச்சுப்படி எடுத்து நூற்பெயர்களை அடிக்கோடிட்டுக் கொள்ளுங்கள். அடிக்குறிப்பு எண்கள் மேலே நிற்கின்றனவா என்றும் பாருங்கள். கீழே இறங்கியிருந்தால் 'ஃபுட்நோட் ரெஃபரன்ஸ்' ஸ்டைலை மறுபடி கொடுங்கள். கன்ட்ரோலோடு ஏயை அழுத்தி எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்துவிட்டதாக நினைப்போம்; அடிக்குறிப்புகள் அதில் சேர்வதில்லை. அடிக்குறிப்புப் பகுதிக்குள் போய்த் தனியாகச் செய்ய வேண்டும். ஏழு இயல்களிலும் உடல் பகுதி சரியாக இருந்து அடிக்குறிப்புகள் மட்டும் ஏழு விதமாக இருப்பதற்கு இதுதான் காரணம்.

கடைசியில் ஒரே கோப்பாக்க வேண்டுமென்றால், இன்சர்ட் பட்டையில் 'டெக்ஸ்ட் ஃப்ரம் ஃபைல்' வழியாக ஒவ்வொன்றாகச் சேருங்கள். ஒரே பெயரில் இரு ஸ்டைல்கள் மோதினால், வந்து சேரும் கோப்பின் ஸ்டைல் தோற்கும், ஏற்கும் கோப்பின் ஸ்டைல் நிற்கும். அப்படி நடக்க, ஸ்டைலின் பெயர் எல்லாக் கோப்பிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். 'பாடல் மேற்கோள்' என்று ஒன்றிலும், இடம் விடாமல் 'பாடல்மேற்கோள்' என்று இன்னொன்றிலும் இருந்தால் வேர்டுக்கு அவை இரண்டு வேறு ஸ்டைல்கள்.

பைண்டிங்குக்குக் கொடுக்கும் முன் ஒவ்வோர் இயலிலிருந்தும் உரை நிறைந்த ஒரு பக்கத்தை அச்சிட்டு, ஏழு தாள்களையும் இரண்டிரண்டாக அடுக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். முதல் வரியும் கடைசி வரியும் இடது ஓரமும் ஒன்றன்மேல் ஒன்றாக விழ வேண்டும். அரை மில்லிமீட்டர் விலகினாலும் கண்ணுக்குத் தெரிந்துவிடும். சரியாக விழுந்த பிறகு, எந்தக் கணினியில் பார்த்தீர்களோ அதிலேயே பிடிஎஃப் ஆக்கி, அந்த பிடிஎஃப்பை மட்டும் ஜெராக்ஸ் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள்.